பச்சை முத்திரை இருந்தால் சத்தம் வராதா?

கேள்வி: டாக்டர், நாங்கள் கோவை வடவள்ளி பக்கம் தனி வீட்டில் இருக்கிறோம். முன்னால் சின்னத் தோட்டம், நடுவில் கொஞ்சம் சிமெண்டுத் தரை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. நாட்டு நாய் ஒன்று வளர்க்கிறோம், பெயர் மணி, 6 வயது. போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி தெருவில் யாரோ அணுகுண்டு வைக்க, மணி கேட்டைத் தாண்டி ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பாதமெல்லாம் காயத்தோடு வந்து சேர்ந்தது. இந்த வருடம் பட்டாசே வேண்டாம் என்றால் பிள்ளைகள் அழுகிறார்கள். மாமனாருக்கு பைபாஸ் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. கொழுந்தனார் குடும்பமும் வருகிறது, அவருக்குச் சரவெடி இல்லாவிட்டால் தீபாவளியே இல்லை. கடையில் கேட்டால், "பசுமைப் பட்டாசு வாங்குங்க, சத்தமே இருக்காது" என்கிறார்கள். உண்மையா? சத்தமில்லாத பட்டாசு என்று எதை வாங்குவது? அன்றைக்கு மட்டும் மணிக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது. வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையோ, பிள்ளைகளின் சளி மருந்தோ, பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த மாத்திரையோ மணிக்குக் கொடுக்காதீர்கள். காரணம் சொல்ல என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

படிப்பு முடித்துத் தொழிலுக்கு வந்த புதிது. எங்கள் வீட்டில் ராணி என்று ஒரு நாய். தீபாவளி வெடிக்கு அது படும் பாட்டைப் பார்த்து, அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதிய ஏசிப்ரோமசின் மாத்திரையை நானே கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ராணி படுத்துவிட்டது. "பார்த்தாயா, எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறது" என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது தூங்கவே இல்லை. கண் பாதி திறந்திருந்தது, ஓரத்திலிருந்து மூன்றாவது இமை ஏறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. நெஞ்சில் கை வைத்தேன். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே இதயம் குதித்தது. எழுந்து ஓட முடியவில்லை, கட்டிலுக்கு அடியில் நுழைய முடியவில்லை, பயம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மருந்து உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. தனியாக அதை மட்டும் கொடுப்பதை இப்போது சத்த பயத்துக்கு நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை. பயத்தையே குறைக்கிற மருந்துகள் இன்று இருக்கின்றன. ஆனால் நாயின் எடை, இதயம், கல்லீரல் எல்லாம் பார்த்துத்தான் எழுத முடியும். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருப்பதால் இப்போதே உங்கள் கால்நடை மருத்துவரிடம் மணியைக் கூட்டிப் போங்கள். மருந்து எழுதினால், சாதாரண நாள் ஒன்றில் ஒரு வேளை கொடுத்துப் பார்த்து, மணிக்கு எப்படி இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்குச் சத்தம் தொடங்கும் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பாதிப் பயன்தான்.

சரி, பட்டாசுக்கு வருவோம்.

கடைக்காரர் சொன்னது தவறு. வேண்டுமென்றே சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கும். பசுமைப் பட்டாசு என்பது புகையைக் குறைக்க வந்தது. நாக்பூரில் உள்ள மத்திய அரசின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, 2019இல் கடைக்கு வந்தது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று அதில் மூன்று வகை. வெளியேறும் தூசு சுமார் 30 சதவீதம் குறையும் என்பதுதான் அதன் வாக்குறுதி. சத்தத்தைப் பொறுத்தவரை, வழக்கமான வெடிக்கு நிகரான சத்தம், அதாவது 105 முதல் 110 டெசிபெல், இதிலும் வரும் என்பதை அவர்களே ஒரு சிறப்பாகச் சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார்கள். வெடி வெடித்தால்தானே மக்கள் வாங்குவார்கள்! ஆகவே அட்டைப்பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள், மாமனாரின் நுரையீரலுக்கு அது நல்லது. மணியின் காதுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பசுமைப் பட்டாசிலும் லட்சுமி வெடி உண்டு, அணுகுண்டு உண்டு.

சட்டம் அனுமதிக்கும் சத்தமும் கொஞ்ச நஞ்சமில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபெல் வரை இருக்கலாம் என்பது விதி. தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். அப்படிப் பார்த்தால் 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107. தெருமுனையில் முழுக்கச் சட்டப்படி வெடித்த வெடியே உங்கள் திண்ணைக்கு வரும்போது இந்த அளவில் இருக்கிறது. நாம் சாதாரணமாகப் பேசுவது 60தான். இந்தக் கணக்கும் வெட்டவெளிக்கு. எதிரெதிரே காம்பவுண்டுச் சுவர் உள்ள தெருவில் சத்தம் சுவரில் மோதித் திரும்பும், இவ்வளவு குறையாது.

நாயின் காது நம்முடையதைவிடக் கூர்மை என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கீச்சென்ற ஒலிவரை கேட்கும் என்று பார்த்தால், நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும், பூனைக்கு 60,000ஐயும் தாண்டும். ஆனால் என் அனுபவத்தில் நாயை உடைப்பது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை. முன்னறிவிப்பே இல்லாமல் வருவதுதான் அதைக் கலங்கடிக்கிறது. வீட்டு மிக்ஸி அலறும்போது மணி தூங்கிக்கொண்டு இருக்கும், இல்லையா? அது எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அதற்குத் தெரியும். வெடிக்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. அடுத்தது எப்போது என்று காத்திருப்பதிலேயே அது களைத்துப் போகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் எதை வாங்குவது என்பது சுலபம். பெயரை விடுங்கள், பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓர் அணுகுண்டை எடுத்தால், காகிதத்தை உருட்டி மருந்தை அடைத்து, மேலே சணல் நூலை இடைவெளி இல்லாமல் வரிந்து கட்டியிருப்பார்கள். விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். உள்ளே மருந்து எரியும்போது வாயு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறி ஏறி ஓடு கிழியும்போதுதான் டமார். இறுக்கமாகக் கட்டக் கட்டச் சத்தம் அதிகம். ஓலை வெடியின் மடிப்பிலும் குருவி வெடியின் காகிதச் சுற்றிலும் இருப்பது இதே சூத்திரம். இப்போது ஒரு புஸ்வாணத்தை எடுங்கள். கூம்பின் மேல்நுனியில் வழி இருக்கிறது. எரிகிற வாயு அந்த வழியாகப் பொறியை அள்ளிக்கொண்டு மேலே போய்விடும். அதனால் 'புஸ்' மட்டும்தான். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்.

ஆக, வாய் திறந்தது வாங்கலாம், வரிந்து கட்டியது வேண்டாம். இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். 9 வயதுப் பெண் கடையில் உங்களைவிட வேகமாகப் பிரித்துவிடுவாள்.

புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, பென்சில், சாட்டை, தரைச்சக்கரம். உங்கள் தோட்டத்துக்கு இவை போதும். விலைப் பட்டியலில் 'வெடி', 'பாம்', 'ஷாட்' என்று முடிகிற எதுவும் வேண்டாம். ராக்கெட் வேண்டவே வேண்டாம், அது எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது. 'விசில்' என்று போட்டிருந்தால் அதுவும் நாய்க்கு ஆகாது. வெடிக்காது, ஆனால் ஊளையிடும் உச்சக் குரல், நமக்கே காது கூசும். 'கிராக்கிளிங்' என்றால் புஸ்வாணமாகவே இருந்தாலும் கடைசியில் படபடவென்று பொரியும். சோளம் பொரிவது போலத்தானே என்று சிலர் நினைக்கிறார்கள், நாயின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்புறம் முக்கியமாக, கிஃப்ட் பாக்ஸ் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கென்று மேலே மத்தாப்பை அடுக்கிவிட்டு அடியில் லட்சுமி வெடி நாலு பாக்கெட் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பொருளை வெடிக்காமல் வைத்திருக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் செலவும் குறையும்.

நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். "சார், இது சத்தமில்லாத ஃபேன்ஸி" என்று ஒரு கடையில் கொடுத்த பெட்டியை நம்பி வாங்கி வந்து மாடியில் வைத்தேன். வண்ணப் பொறி அழகாகத்தான் மேலே போனது. போனது அங்கே வெடித்ததே! எங்கள் பூனை சன்ஷேடில் ஏறி உட்கார்ந்து மறுநாள் மதியம்தான் இறங்கியது. வானத்தில் பூப்பூவாக விரிகிற எதற்கும், கிளப்பிவிட ஒரு மருந்தும் மேலே போனதும் உடைக்க ஒரு மருந்தும் வேண்டும். சிறிய சத்தத்தில் அதைச் செய்ய வெளிநாடுகளில் முயல்கிறார்கள். இத்தாலியில் பார்மாவுக்குப் பக்கத்தில் கொலேக்கியோ என்கிற ஊர் 2015இல் சத்தம் குறைந்த வாணவேடிக்கைதான் விட வேண்டும் என்று முடிவெடுத்தது செய்தியாக வந்தது. நம் ஊர்க் கடையில் 'சைலண்ட்' என்று சொல்லி விற்பதை நம்பி அந்த மாதிரி எதையும் வாங்க வேண்டாம். தரையில் நின்று எரிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதனால் ஒத்திகை பாருங்கள். வாங்கியதில் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து, தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பகலில், மணியை உள்ளறையில் உங்கள் மகளோடு விட்டுவிட்டு, வெளியே கொளுத்துங்கள். கைபேசியில் டெசிபெல் செயலி போட்டுப் பார்க்காதீர்கள். திடீர் சத்தத்தின் உச்சியை அந்த மைக்கால் பிடிக்க முடியாது, குறைத்துத்தான் காட்டும். உள்ளே மகள் மணியைப் பார்க்கட்டும். காது பின்னால் மடிகிறதா, காரணமில்லாமல் கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, சுவரோரமாக நகர்கிறதா. நடுக்கம் வருவதற்கு வெகு முன்னால் வருபவை இவை. எதற்கு இப்படிச் செய்ததோ அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

சத்தமில்லை என்பதற்காக மணியை வெளியே நிறுத்தி வேடிக்கை காட்ட வேண்டாம். தரைச்சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் சில நாய்கள் எலியைத் துரத்துவது போலப் பாய்ந்து வாயால் கவ்வும். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு அப்படி வாய் வெந்த நாய் ஒன்றாவது வந்துவிடும். கம்பி மத்தாப்பும் பார்ப்பதற்குத்தான் சாது. எரியும்போது 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அணைந்த கம்பி கறுப்பாகத் தரையில் கிடந்தால் அது சூடு என்று குழந்தைக்கும் தெரியாது, நாய்க்கும் தெரியாது. ஒரு பக்கெட்டில் பாதி மணல், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்து, எரிந்து முடிந்த கம்பியை நேராக அதற்குள் குத்தச் சொல்லுங்கள். 4 வயது மகனுக்குக் கம்பி கொடுக்காதீர்கள். பென்சிலையும் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், அவன் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டால் போதும், தானே பிடித்ததாகத்தான் ஊரெல்லாம் சொல்வான்.

புஸ்வாணத்துக்கும் ஓர் எச்சரிக்கை. ஈரம் பட்டோ கீழே விழுந்தோ உள்ளே மருந்து விரிசல் விட்டிருந்தாலும், மேல்வழி அடைத்திருந்தாலும் அதுவும் வெடிக்கும். போன வருடம் மிஞ்சியதைப் பரணிலிருந்து எடுக்காதீர்கள். சமதரையில் வைத்து, நீள ஊதுபத்தியால் பக்கவாட்டில் நின்று பற்றவைத்து, உடனே நாலடி பின்னால் வந்துவிட வேண்டும். முகத்தை அதன்மேல் கவிழ்த்து ஊதிப் பார்க்கிற பழக்கம் நம் ஆண்களுக்கு இன்னும் போகவில்லை. புகைந்து நின்றுபோனதை மறுபடி பற்றவைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுத்துத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். தோட்டத்தில் காய்ந்த தென்னை ஓலை கிடந்தால் முதல் நாளே அப்புறப்படுத்துங்கள்.

மாமனாருக்காக ஒன்று. சத்தமே இல்லை என்று நினைத்து நிறையப் பேர் பாம்பு மாத்திரை வாங்குகிறார்கள். புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் பவுண்டேஷன் சில வருடங்களுக்கு முன் 6 வகைப் பட்டாசுகளின் புகையை அளந்து பார்த்தது. எல்லாவற்றிலும் மோசம் இந்தப் பாம்பு மாத்திரைதான். சரவெடியைவிட மோசம். ஆறில் குறைவாகப் புகைவிட்டது புஸ்வாணம். நாய்க்கும் பெரியவருக்கும் ஒருசேரப் பொருந்துகிற பட்டாசு ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் புஸ்வாணத்தைத்தான் சொல்வேன். பைபாஸ் ஆனவர் என்பதால் புகை வரும் பக்கம் நாற்காலி போடாதீர்கள், காற்று அவருக்குப் பின்னாலிருந்து தோட்டத்தை நோக்கி வீச வேண்டும். நெஞ்சு சம்பந்தமான மற்ற யோசனையை அவருடைய இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் மாட்டு டாக்டர்.

கொழுந்தனார் விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. அவரிடம் நாயைச் சொல்லிப் பயனில்லை என்றால் சட்டத்தைச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று கோத்த சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. பேரியம் உப்பு என்கிற ரசாயனம் சேர்த்த பட்டாசையும் அதே தீர்ப்பு தடுத்தது. தமிழ்நாட்டில் அந்த வருடம் முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. எல்லோரும் மீறுகிறார்கள் என்பார். உண்மைதான். அப்போது அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். புஸ்வாணங்களை இரண்டிரண்டாக வரிசை கட்டி, பெரியதைக் கடைசியில் வைத்து, எல்லாவற்றையும் அவரே கொளுத்தட்டும். வெடி வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது சத்தம் இல்லை, பத்துப் பேர் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான். என் மைத்துனரிடம் இது பலித்தது. அவருக்கு இப்போது வரிசை வைப்பதில் என்னைவிடப் பொறுமை.

அவரிடம் சொல்ல இன்னொரு கதையும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. புதுத்துணியும் பலகாரமும் உண்டு, வெடி மட்டும் கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான்.

சத்தமில்லாத வாணவேடிக்கையைச் சிவகாசிக்கு முன்பே நம் ஆட்கள் செய்திருக்கிறார்கள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கார்த்திகைக்கு மாவளி சுற்றுவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, நன்றாகப் பொடித்து, துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். அதைப் பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, கயிறு கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி பெரிய வட்டமாகச் சிதறும். இருட்டில் அந்த வட்டத்தைப் பார்க்க வேண்டுமே! காற்றை அறுக்கிற 'விர்' என்ற ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. தீபாவளிக்கு அடுத்து வருகிற கார்த்திகை தீபத்துக்குத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் திறந்த மைதானத்தில் சுற்றச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் வேண்டாம், பொறி அடுத்த வீட்டு மாடிவரை போகும்.

இனி மணிக்கு. உங்கள் தோட்டத்தை எவ்வளவு அடக்கினாலும் தெருவை அடக்க முடியாது. அதனால் என்ன வாங்குகிறீர்கள் என்பது பாதிதான், மணியை எங்கே வைக்கிறீர்கள் என்பது மீதி. தெருப்பக்கம் சன்னல் இல்லாத உள்ளறை ஒன்றை இன்றே தேர்ந்தெடுத்து, அங்கேயே சோறு போடத் தொடங்குங்கள். தீபாவளியன்று புதிதாக ஓர் அறையில் அடைத்தால் அதையும் தண்டனை என்று நினைத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை, நீங்கள் உடுத்திய துவைக்காத சேலை ஒன்று, தண்ணீர். சன்னலை மூடிக் கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். ஃபேன் ஓடட்டும், டிவியோ பாட்டோ எப்போதும் வைக்கிற அளவில் ஓடட்டும். மணி கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள், அது தானாகத் தேர்ந்த இடம். ஒட்டிக்கொண்டு வந்து படுத்தால் தடவிக் கொடுங்கள். "செல்லம் கொடுத்தால் பயம் கூடும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னேன். ஆறுதல் சொல்வதால் எந்த நாய்க்கும் பயம் வளர்வதில்லை. தட்டில் தயிரை மெல்லிசாக அப்பிக் கொடுத்தால் நக்கிக்கொண்டே இருக்கும், நக்குவது அதற்கு நிதானம் தரும்.

இந்த ஐந்து வாரத்தில் தினமும் பத்து நிமிடம் இன்னொன்றும் செய்யலாம். வெடிச் சத்தப் பதிவு ஒன்றைக் கைபேசியில் வைத்து, மணிக்குக் கேட்கிறதா இல்லையா என்கிற அளவில் ஓடவிட்டு, அப்போது மட்டும் அதற்குப் பிடித்த ஈரலோ முட்டையோ கொடுங்கள். மூன்று நாலு நாள் சாதாரணமாக இருந்தால் ஒரு புள்ளி கூட்டலாம். காது மடிந்தால் பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் செய்யாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். ஒரு தீபாவளிக்குள் முழுதாகச் சரியாகாது, அடுத்த வருடம் தெரியும்.

போன வருடம் ஓடியது முந்தின ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயல் இல்லை. எங்களிடம் தொலைந்த நாய்களைத் தேடி வருகிற அழைப்புகளில் பல அந்த ராத்திரிதான், ஏனென்றால் வீட்டார் தீபாவளி நாளைக்குத்தானே என்று கேட்டைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆகவே இரண்டு நாள் முன்பிருந்தே கேட் பூட்டியிருக்கட்டும். நடைக்குக் கூட்டிப் போவதை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், கழுத்துப்பட்டையோடு மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் எண் அழியாத மையில் இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைத்துவிட்டால் இன்னும் நல்லது, மருந்துக்குப் போகும்போதே கேளுங்கள். மணியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் ஒரு புகைப்படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள்.

பலகாரத் தட்டை உயரத்தில் வையுங்கள். உலர்திராட்சை போட்ட லட்டு, சாக்லேட் இரண்டும் நாய்க்கு விஷம். எண்ணெய்ப் பலகாரம் அள்ளித் தின்றால் கணையம் வீங்கி மறுநாள் வாந்தியோடு என்னிடம் வந்து நிற்கும்.

மறுநாள் காலையில் மணியைத் தோட்டத்தில் விடும் முன் தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மறுபடி ஒருமுறை பெருக்குங்கள். வெடிக்காமல் கிடந்த பக்கத்து வீட்டு வெடிகளும் உங்கள் மல்லிகைச் செடிக்கு அடியில் கிடக்கும். அதில் இருக்கும் மருந்தின் வாசனைக்குச் சில நாய்கள் மோந்து மென்றுவிடும். அப்படி மென்றது தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாமல், அந்தக் காகிதச் சுற்றையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.